999 டாலர் கம்ப்யூட்டரும் இன்டெல்லின் இரண்டு முடிவுகளும்!

1997-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் புதிதாக ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. காம்பேக் நிறுவனத்தின் தயாரிப்பு. பெயர், பிரிசாரியோ 2100. மானிட்டருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். பெட்டி மட்டும் 999 டாலர்.

இன்றைக்கு இந்த விலையைக் கேட்டால், 'இதில் என்ன மலிவு?' என்றுதான் தோன்றும். ஆனால், வீட்டுக்கு நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டுமென்றால் 2,000 டாலர் அளவுக்கு எடுத்துவைக்க வேண்டியிருந்த காலம் அது. அதில் பாதி விலைக்கு, பெயர்பெற்ற ஒரு நிறுவனமே கம்ப்யூட்டர் கொடுத்தது. மக்கள் கடைக்குப் போனார்கள். அதுவரை கம்ப்யூட்டர் வாங்காத வீடுகளிலிருந்தும் போனார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சிப், இன்டெல்லுடையது அல்ல. சைரிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் தயாரித்த மீடியா ஜிஎக்ஸ். திரையில் படம் காட்டுவது, ஒலி எழுப்புவது என்று தனித்தனி கார்டுகள் பார்த்துவந்த வேலைகளையும் அந்த ஒரே சிப்பின் தலையில் கட்டிவிட்டார்கள். வேகம் குறைவுதான். ஆனால், கடிதம் தட்டச்சு செய்யவும், மின்னஞ்சல் பார்க்கவும், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் அந்த வேகம் போதுமானதாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து, மே மாதம் இன்டெல் தனது புதிய பென்டியம் 2 சிப்பை வெளியிட்டது. அந்த வரிசையில் மிகக் குறைந்த விலை சிப்புக்கே 636 டாலர். உச்சியில் இருந்ததன் விலை 1,981 டாலர். 999 டாலர் பெட்டிக்குள் 636 டாலர் சிப்பை வைத்தால், மீதியிருக்கும் 363 டாலரில் ஹார்டு டிஸ்க், மெமரி, கீபோர்டு, கடைக்காரர் லாபம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். யாருக்கும் கட்டுப்படியாகாது.

கம்ப்யூட்டர் விலை குறைந்தால் வாங்குபவருக்குக் கொண்டாட்டம். ஆனால், அதற்குள் இருக்கும் சிப்பைத் தயாரிப்பவருக்கு? அந்த நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்திருப்பவருக்கு? இந்தக் கேள்வி இன்டெல் வாசலுக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை அந்த நிறுவனம் சொன்ன பதில் அதைக் காப்பாற்றியது. இரண்டாவது முறை சொன்ன பதிலுக்கான விலையை அது இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மைசூர்பாகு தட்டும் சிலிக்கான் தகடும்

சிப் தொழிலின் கணக்கு புரிய வேண்டுமென்றால், ஒரு ஸ்வீட் கடையின் சமையலறையை நினைத்துப் பார்த்தால் போதும். மைசூர்பாகு கிளறித் தட்டில் கொட்டுகிறார்கள். நெய், மாவு, சர்க்கரை, அடுப்புச் செலவு, மாஸ்டர் சம்பளம் எல்லாம் அந்தத் தட்டுக்கு ஆகும் செலவு. தட்டை 40 பெரிய துண்டுகளாக வெட்டினாலும், 100 சின்னத் துண்டுகளாக வெட்டினாலும் தட்டின் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சிப் ஆலையில் இந்தத் தட்டின் இடத்தில் இருப்பது வேஃபர் என்ற வட்டமான சிலிக்கான் தகடு. 1990-களின் இறுதியில் அதன் குறுக்களவு 8 அங்குலம். நூற்றுக்கணக்கான கட்டங்களைத் தாண்டி அந்தத் தகடு முழுவதும் சுற்றுகள் பதிக்கப்படும். கடைசியில்தான் துண்டு துண்டாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சிப். துண்டு சிறியதாக இருந்தால், ஒரே தகட்டில் அதிக சிப்கள் கிடைக்கும். ஒரு சிப்புக்கான செலவும் குறையும்.

ஸ்வீட் கடைக்கும் சிப் ஆலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அடுப்பும் உருளியும் பல வருடம் உழைக்கும். சிப் ஆலை அப்படியல்ல. அந்தக் காலத்திலேயே ஓர் ஆலை அமைக்க 100 கோடி டாலருக்கு மேல் ஆனது. அதிலுள்ள இயந்திரங்கள் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்மானச் செலவு கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். எனவே, ஆலையை எப்போதும் நிரப்பி ஓட்ட வேண்டும். அதேசமயம், வெட்டியெடுக்கும் ஒவ்வொரு துண்டும் நல்ல விலைக்குப் போக வேண்டும்.

விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எளிய கற்பனைக் கணக்கு. ஒரு சிப்பைத் தயாரிக்க 80 டாலர் ஆகிறது. விற்பனை விலை 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 120 டாலர். போட்டியால் விலை 150 டாலருக்கு இறங்குகிறது. விலையில் குறைந்தது 25 சதவிகிதம்தான். ஆனால், லாபம் 70 டாலராகிவிடுகிறது. அதாவது, 40 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. செலவு அப்படியே நிற்க, விலைக் குறைப்பு முழுவதும் லாபத்தின் மீதே விழுகிறது.

பங்கு விலைக்கு ஏன் இரட்டை அடி?

பங்குச்சந்தை இந்த ஆண்டு லாபத்தை மட்டும் பார்ப்பதில்லை. இனி வரப்போகும் ஆண்டுகளின் லாபத்துக்கும் சேர்த்து இன்றைக்கே ஒரு விலை போடுகிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 4 டாலர் லாபம் வருகிறது. வளர்ச்சி தொடரும் என்று நம்பி, சந்தை அதற்கு 25 மடங்கு கொடுக்கிறது என்றால் பங்கின் விலை 100 டாலர். இந்த மடங்கைத்தான் பி.இ விகிதம் என்கிறார்கள்.

இப்போது 'மலிவு கம்ப்யூட்டர் பெருகிவிட்டது, இனி சிப்புக்குப் பழைய விலை கிடைக்காது' என்று செய்தி வருகிறது. லாபம் 4 டாலரிலிருந்து மூன்றரை டாலராகக் குறைகிறது. அது மட்டும் நடந்தால் பங்கு விலை 87.50 டாலரில் நிற்க வேண்டும். ஆனால், நம்பிக்கையும் குறைந்து 25 மடங்கு 18 மடங்காகிவிடுகிறது. மூன்றரையை 18-ஆல் பெருக்கினால் 63. லாபம் எட்டில் ஒரு பங்கு குறைய, பங்கு விலையோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்துவிடுகிறது. கெட்ட செய்தி வந்த நாளில் பங்கு விலை தடாலென்று விழுவதன் பின்னணி இதுதான்.

மார்ச் 1998: அதிர்ச்சி அறிவிப்பு

1997-ம் ஆண்டு இன்டெல்லுக்குப் பொற்காலம். வருவாய் 2,507 கோடி டாலர். நிகர லாபம் 695 கோடி டாலர். 100 டாலருக்கு விற்றால், தயாரிப்புச் செலவு போக 60 டாலர் கையில் நின்றது. நிறுவனத்தை வழிநடத்திய ஆண்டி குரோவை 'டைம்' பத்திரிகை அந்த ஆண்டின் மனிதராகத் தேர்ந்தெடுத்தது.

ஆனால், கடைகளில் காற்று திசைமாறிவிட்டது. 1,000 டாலருக்குக் கீழான கம்ப்யூட்டர்கள் வேகமாக விற்றன. 1997 ஏப்ரலில் ஏ.எம்.டி நிறுவனம் கே6 சிப்பை வெளியிட்டு, இன்டெல்லைவிடக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியிருந்தது. பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்கள் அதை வாங்கின.

1998 மார்ச் மாதத் தொடக்கத்தில் இன்டெல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. முதல் காலாண்டு வருவாய், அதற்கு முந்தைய காலாண்டைவிட சுமார் 10 சதவிகிதம் குறையும் என்றது. அடுத்த நாள் இன்டெல் பங்கு சரிந்தது. மற்ற தொழில்நுட்பப் பங்குகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஏப்ரலில் கணக்கு வந்தபோது நிகர லாபம் 127 கோடி டாலர். முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் அது 198 கோடி டாலர். வருவாய் குறைந்தது 7 சதவிகிதம். லாபம் குறைந்தது 36 சதவிகிதம். ஆறு மாதத்துக்குள் சுமார் 3,000 வேலைகளைக் குறைக்கப்போவதாகவும் அறிவிப்பு வந்தது.

பழி முழுவதும் மலிவு கம்ப்யூட்டர்மீது மட்டும் விழவேண்டியதில்லை. கம்ப்யூட்டர் நிறுவனங்களின் கிடங்குகளில் ஏற்கெனவே வாங்கிய சரக்கு தேங்கியிருந்தது. ஆசிய நாடுகள் கடும் நிதி நெருக்கடியில் இருந்தன. ஆனாலும், வால் ஸ்ட்ரீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். 'சிப்புக்கு நல்ல விலை கிடைத்த காலம் முடிந்துவிட்டதா?'

கம்பி விற்றவர்களின் கதை

ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சனை அந்தக் காலகட்டத்தில் ஆண்டி குரோவ் தன் நிறுவனத்துக்கு அழைத்திருந்தார். 'உங்கள் ஆராய்ச்சி இன்டெல்லுக்கு என்ன சொல்கிறது?' என்று குரோவ் அவசரப்படுத்த, கிறிஸ்டென்சன் சிப்பைப் பற்றி எதுவும் பேசாமல் இரும்பு ஆலைக் கதையைச் சொன்னதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அமெரிக்காவில் பிரமாண்டமான இரும்பு ஆலைகள் இருந்தன. அவற்றுக்குப் போட்டியாக, பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கும் சின்ன ஆலைகள் வந்தன. அவற்றின் இரும்பு தரம் குறைந்தது. கான்கிரீட்டுக்குள் போடும் கம்பிக்குத்தான் அது லாயக்கு. பெரிய ஆலைகளுக்கோ கம்பியில் லாபம் மிகக் குறைவு. 'தொல்லை விட்டது' என்று அந்த வியாபாரத்தைச் சின்ன ஆலைகளிடம் விட்டுவிட்டன. விட்ட பிறகு அவர்களின் சராசரி லாப விகிதம் உயர்ந்தது. பங்குதாரர்களுக்கும் மகிழ்ச்சி.

சின்ன ஆலைகள் கம்பியோடு நிற்கவில்லை. தொழிலைக் கற்றுக்கொண்டு, தரத்தைக் கூட்டி, அடுத்த படிக்கு ஏறின. பிறகு கட்டுமான உத்தரங்கள். பிறகு கார்களுக்கான தகடுகள். ஒவ்வொரு படியிலும் பெரிய ஆலைகள் 'இதில் லாபம் குறைவு' என்று சொல்லி மேலே ஏறின. மேலே இடமே இல்லாத ஒரு நாள் வந்தது. பெரிய ஆலைகள் பல மூடப்பட்டன.

குரோவுக்குக் கதை புரிந்துவிட்டது. மலிவு கம்ப்யூட்டர்தான் இன்டெல்லின் 'கம்பி'. இதை இன்று விட்டுக்கொடுத்தால், நாளை உச்சியும் கையைவிட்டுப் போகும். அவருக்கு இது ஏட்டில் படித்த பாடம் மட்டும் அல்ல. 1980-களில் ஜப்பான் நிறுவனங்களின் மலிவான மெமரி சிப்களோடு மோத முடியாமல், இன்டெல் தான் பிறந்து வளர்ந்த மெமரி தொழிலைவிட்டே வெளியேறியது. அந்த வலியான முடிவை எடுத்தவர்களில் குரோவும் ஒருவர்.

முதல் முடிவு: தன் சரக்குக்குத் தானே போட்டி

1998 ஏப்ரலில் இன்டெல் செலரான் என்ற சிப்பைக் கொண்டுவந்தது. விலை 155 டாலர். முதல் முயற்சி சொதப்பியது. செலவைக் குறைப்பதற்காக கேச் என்ற பகுதியை அடியோடு எடுத்துவிட்டார்கள். சமையல் மேடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி போன்றது கேச். அது இல்லாவிட்டால், தாளிக்கும் கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டும். சிப்புக்கு வேகம் இருந்தும் வேலை நகரவில்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

நான்கே மாதத்தில் இன்டெல் திருத்திக்கொண்டது. ஆகஸ்ட் 24-ம் தேதி வந்த செலரான் 300ஏ சிப்பில், ஒரு சின்ன அஞ்சறைப் பெட்டியை அதே சிலிக்கான் துண்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 128 கிலோபைட் கேச். விலை 149 டாலர். 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கான அந்தச் சிப்பை, விஷயம் தெரிந்தவர்கள் முடுக்கிவிட்டு 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். அதே நாளில்தான் இன்டெல்லின் உயர்ரக பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் சிப் 669 டாலர் விலையில் அறிமுகமானது. தன் 669 டாலர் சரக்குக்குத் தன் 149 டாலர் சரக்கே போட்டி!

எந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவும் இதை எளிதில் ஒப்புக்கொள்ளாது. ஆனால், இன்டெல் ஒப்புக்கொண்டது. தன் சந்தையைத் தான் தின்னாவிட்டால் அடுத்தவர் தின்றுவிடுவார் என்ற பயம் அதற்கு இருந்தது. அந்தப் பயத்தோடு ஒரு திட்டமும் இருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்காக ஸியான் என்ற சிப்பை வெளியிட்டது. அதன் விலை 1,124 டாலரில் தொடங்கி 2,836 டாலர் வரை போனது. அடித்தட்டுக்கு ஒன்று, நடுத்தட்டுக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று என்று சந்தையை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். கீழே விற்ற செலரான் ஆலைகளை நிரப்பியது. மேலே விற்ற ஸியான் லாபத்தைத் தூக்கிப் பிடித்தது.

ஆண்டு முடிவில் நடந்த ஆச்சர்யம்

1998-ம் ஆண்டு முழுமைக்கும் பார்த்தால் இன்டெல்லின் நிகர லாபம் 607 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட 13 சதவிகிதம் குறைவு. 100 டாலருக்கு 60 டாலராக இருந்த மொத்த லாப விகிதம் 54-ஆக இறங்கியது. மலிவு கம்ப்யூட்டர் காயப்படுத்தியது உண்மை.

ஆனால், பங்கு விலை? ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 70 டாலர். ஆண்டு முடிவில் சுமார் 118 டாலர். லாபம் குறைந்த ஆண்டில் பங்கு விலை 60 சதவிகிதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. சந்தை பார்த்தது கடந்துபோன லாபத்தை அல்ல. இன்டெல் அடித்தட்டையும் விட்டுக்கொடுக்காது என்பது தெரிந்ததும் நம்பிக்கை திரும்பிவிட்டது. தொழில்நுட்பப் பங்குகளின்மீது அப்போது வீசிய மோகக் காற்றும் அதற்குத் துணைநின்றது. 1999-ல் லாப விகிதம் மீண்டும் 60-ஐத் தொட்டது. நிகர லாபம் 731 கோடி டாலரானது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற டோ ஜோன்ஸ் குறியீட்டில் இன்டெல் இடம்பிடித்தது.

மலிவு விலையை முதலில் கொண்டுவந்தவர்கள் என்ன ஆனார்கள்? 999 டாலர் பெட்டிக்கு உயிர்கொடுத்த சைரிக்ஸை 1997-ல் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் வாங்கியது. இரண்டே ஆண்டில் அதைவிட மிகக் குறைந்த விலைக்குத் தைவானின் வியா நிறுவனத்திடம் விற்றுவிட்டது. ஏ.எம்.டி நிறுவனம் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும் நட்டத்தில் முடித்தது. மலிவாக விற்பவருக்கு வாடிக்கையாளர் கிடைக்கலாம். லாபம் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. மலிவாகத் தயாரிக்கத் தெரிந்தவரே தாக்குப்பிடித்தார்.

பங்குதாரர்களுக்கு இதில் இன்னொரு கசப்பான பின்குறிப்பும் உண்டு. பின்னர் நடந்த இரண்டு பங்குப் பிரிப்புகளைக் கணக்கில் எடுத்தால், அந்த 118 டாலர் என்பது சுமார் 30 டாலர். 2000-ம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பங்கு 75 டாலர் வரை ஏறியது. அந்த ஆண்டு லாபம் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால், செப்டம்பரில் 'விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை' என்று இன்டெல் அறிவித்த மறுநாள் பங்கு 22 சதவிகிதம் விழுந்தது. அடுத்த 20 ஆண்டுகளுக்கும் மேல் அந்த 75 டாலரை அது தொடவில்லை. 1998-ல் கெட்ட செய்தி வந்த நேரத்தில் வாங்கியவர் சம்பாதித்தார். 2000-ல் ஊரே கொண்டாடிய நேரத்தில் வாங்கியவர் காத்திருந்து அலுத்துப்போனார்.

இரண்டாவது முடிவு: 'கட்டுப்படியாகாது'

2005-ல் பால் ஒடெல்லினி இன்டெல்லின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஆப்பிள் தனது மேக் கம்ப்யூட்டர்களுக்கு இன்டெல் சிப்பைத் தேர்ந்தெடுத்தது அந்த ஆண்டில்தான். அந்த உறவில் இன்னொரு வாய்ப்பும் வந்தது. ஆப்பிள் ரகசியமாக உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு போனுக்கு சிப் வேண்டும். ஆனால், ஆப்பிள் ஒரு விலையைச் சொல்லி, அதற்கு மேல் ஒரு காசுகூடத் தர முடியாது என்றது. இன்டெல் போட்ட கணக்கில் தயாரிப்புச் செலவே அந்த விலையைவிட அதிகம். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

பதவியைவிட்டுப் போகும் நேரத்தில், 2013-ல், 'தி அட்லான்டிக்' பத்திரிகையிடம் ஒடெல்லினி இதை மனம்திறந்து சொன்னார். செலவுக் கணக்கே தப்பாகப் போய்விட்டது. விற்பனை எண்ணிக்கையோ யாரும் நினைத்ததைப்போல் 100 மடங்காகிவிட்டது. சரி என்று சொல்லும்படி தன் உள்ளுணர்வு சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று வருந்தினார்.

அந்தக் காலத்தில் இன்டெல் வேறொன்றையும் செய்தது. கையடக்கக் கருவிகளுக்காக எக்ஸ்ஸ்கேல் என்ற சிப் வரிசை அதனிடம் இருந்தது. அது, இன்று உலகின் பெரும்பாலான போன்களுக்குள் இருக்கும் ஆர்ம் வடிவமைப்பைச் சேர்ந்தது. லாபம் குறைந்த அந்தப் பிரிவை 2006-ல் மார்வெல் நிறுவனத்துக்கு 60 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. அடுத்த ஆண்டு ஐபோன் வந்தது.

கணக்குப் புத்தகத்தில் இந்த முடிவின் தவறு எங்கும் தெரியவில்லை. நடுவே, 2007-ல் அசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி மூலம் நெட்புக் என்ற குட்டி லேப்டாப்கள் வந்தபோதுகூட இன்டெல் விழிப்பாகவே இருந்தது. 2008-ல் ஆட்டம் என்ற சின்னஞ்சிறு சிப்பைக் கொடுத்து அந்தச் சந்தையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 2011-ல் அதன் வருவாய் 5,400 கோடி டாலர். நிகர லாபம் 1,290 கோடி டாலர். எல்லாம் நன்றாகவே இருந்தது. கம்பி வியாபாரத்தை விட்ட பிறகு பெரிய இரும்பு ஆலைகளின் லாப விகிதம் உயர்ந்ததே, அதேபோல.

கீழே விட்டது மேலே வந்து இடித்தது

போன் சிப்கள் கோடிக்கணக்கில் விற்றன. அவற்றைத் தயாரித்துக்கொடுத்த தைவானின் டி.எஸ்.எம்.சி நிறுவனத்துக்குப் பணமும் வந்தது, அனுபவமும் வந்தது. கோடிக்கணக்கில் தகடுகளை வெட்டியவருக்கு, தவறில்லாமல் வெட்டும் வித்தை கைவந்தது. புதிய இயந்திரங்கள் வாங்கும் தைரியமும் வந்தது.

இன்டெல் தாமதமாக விழித்துக்கொண்டு போன், டேப்லெட் சந்தைக்குள் நுழைந்தது. இம்முறை வாடிக்கையாளர்களுக்குத் தன் கைக்காசைக் கொடுத்து சிப்பைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அந்தப் பிரிவின் நட்டம் 700 கோடி டாலரைத் தாண்டியது. 2016-ல் போன்களுக்கான சிப் திட்டங்களைக் கைவிட்டது. அந்த ஆண்டு 12,000 வேலைகளைக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது.

பிறகு, கிறிஸ்டென்சன் சொன்ன கதையின் கடைசி அத்தியாயம் நடந்தது. 2019-ல் ஏ.எம்.டி தனது சர்வர் சிப்களை டி.எஸ்.எம்.சி-யின் புதிய தொழில்நுட்பத்தில் தயாரித்து, இன்டெல்லின் லாபக் கோட்டைக்குள் நுழைந்தது. 2020-ல் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டர்களுக்கு, போன் சிப்பின் வழிவந்த எம்1 சிப்பை வைத்துக்கொண்டு இன்டெல்லை வெளியே அனுப்பத் தொடங்கியது. அதையும் தயாரித்தது டி.எஸ்.எம்.சி-தான்.

இன்டெல்லின் சரிவுக்கு இது ஒன்று மட்டும் காரணமல்ல. அதன் சொந்த ஆலைகளில் 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் பல ஆண்டுகள் தாமதமானது. செயற்கை நுண்ணறிவுக்கான சிப்களில் என்விடியா முந்திக்கொண்டது. ஆனால், ஆலைக்குத் தீனிபோட்டு அனுபவம் தந்திருக்கக்கூடிய பெரிய வியாபாரம் கையில் இல்லாதது அடிப்படையான குறை.

2024 ஆகஸ்டில் இன்டெல் சுமார் 15,000 வேலைகளைக் குறைப்பதாகவும் டிவிடெண்டை நிறுத்துவதாகவும் அறிவித்தது. அடுத்த நாள் பங்கு விலை 26 சதவிகிதம் சரிந்தது. டிவிடெண்டை நம்பி அந்தப் பங்கை வைத்திருந்த ஓய்வுபெற்றவர்களுக்கு அது இரட்டை இழப்பு. அந்த ஆண்டின் நட்டம் 1,880 கோடி டாலர். நவம்பரில், 25 ஆண்டுகள் இருந்த டோ ஜோன்ஸ் குறியீட்டிலிருந்து இன்டெல் நீக்கப்பட்டது. அந்த இடத்தில் அமர்ந்தது என்விடியா.

முதலீட்டாளர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

'மலிவுப் பொருள் வந்துவிட்டது, லாபம் குறையப்போகிறது' என்ற செய்தி எல்லாத் தொழிலிலும் வரும். சிப்பில் வந்ததுபோல் கார், சோலார் பேனல், மருந்து என்று எதிலும் வரலாம். அப்படி ஒரு செய்தியைப் படித்ததும் பங்கை விற்க ஓடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்ப்பது நல்லது.

முதலாவது, அந்த நிறுவனம் விலையை மட்டும் குறைக்கிறதா, தயாரிப்புச் செலவையும் குறைக்கிறதா? 80 டாலரில் தயாரித்ததை 150-க்கு விற்பது ஒரு வழி. 40 டாலரில் செய்து 120-க்கு, இருமடங்கு எண்ணிக்கையில் விற்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் விலை மிகவும் குறைவு. ஆனால், மொத்த லாபம் முன்பைவிட அதிகம்.

இரண்டாவது, லாப விகிதம் ஏறியிருந்தால் எப்படி ஏறியது? நன்றாக விற்று ஏறியதா, லாபம் குறைந்த வியாபாரத்தைக் கைகழுவியதால் ஏறியதா? இரண்டாவது வகை ஏற்றம் சில ஆண்டுகளுக்கு அழகாகத் தெரியும். ஆண்டறிக்கையில் 'இந்தப் பிரிவிலிருந்து வெளியேறுகிறோம்' என்று ஒரு வரி வந்தால், அந்தப் பிரிவை யார் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அந்தச் செய்தி ஏற்கெனவே பங்கு விலையில் கலந்துவிட்டதா? 1998-ல் பயம் கலந்திருந்த விலையில் வாங்கியவருக்குப் பிழை செய்ய இடம் இருந்தது. 2000-ல் ஆசை மட்டுமே கலந்திருந்த விலையில் வாங்கியவருக்கு அந்த இடம் இல்லை.

155 டாலருக்கு விற்க முன்வந்த ஆண்டில் இன்டெல்லின் லாபம் குறைந்தது. பத்திரிகைகளில் அடி விழுந்தது. 'கட்டுப்படியாகாது' என்று போன் சிப்பை மறுத்த ஆண்டில் எந்தச் சலசலப்பும் இல்லை. வெளியில் யாருக்கும் தெரியவே இல்லை. பங்குதாரர்கள் அதிகம் கவலைப்பட்டது முதல் முடிவுக்காக. கவலைப்பட்டிருக்க வேண்டியதோ இரண்டாவது முடிவுக்காக.